திங்கட்கிழமை ராத்திரி 16 பேர்: பிக் பேண்ட் ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், செவன்த் அவென்யூ சவுத் 178ஆம் எண் கட்டடத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. தெருவிலிருந்து 15 படி இறங்க வேண்டும். அறை சதுரமாக இருக்காது. தர்பூசணித் துண்டு மாதிரி மேடையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். 123 பேர் உட்காரலாம். வில்லேஜ் வான்கார்ட் என்ற இந்த ஜாஸ் கிளப்பை மாக்ஸ் கார்டன் 1935இல் இந்த இடத்தில் திறந்தார். வாரத்தின் மற்ற நாட்களில் அந்தச் சின்ன மேடையில் மூன்று பேரோ ஐந்து பேரோ வாசிப்பார்கள். திங்கட்கிழமை மட்டும் 16 பேர் ஏறுவார்கள். கணக்குப் பார்த்தால், வாசிக்கிறவர் ஒருவருக்குக் கேட்கிறவர் எட்டுப் பேர்கூட வரவில்லை.

இது எப்படிக் கட்டுபடியாகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த 16 பேருக்கு வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். 1966 பிப்ரவரி 7, ஒரு திங்கட்கிழமை, வேறொரு பெயரில் முதல் தடவை இங்கே வாசித்தார்கள். ஊரில் இருக்கும் திங்கட்கிழமைகளில் இன்றும் வாசிக்கிறார்கள். பிக் பேண்ட் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இவர்களை வைத்துச் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

நம்மில் பலருக்கு 'பேண்ட்' என்றால் கல்யாண ஊர்வலம். ஜாஸ் என்றால் பழைய தமிழ்ப் படங்களின் கிளப் டான்ஸ் பாட்டு. இரண்டாவது நினைப்பில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து ஒரே வெட்டாக 'பாம்!' என்று விழுமே, அது பிக் பேண்ட் உலகத்திலிருந்து வந்த பழக்கம். ஆனால் சினிமாவில் அது பாடகருக்குப் பின்னால் நிற்கிறது. பிக் பேண்டில் அதுதான் கச்சேரியே.

சரி, யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்: மேல்குரலுக்கு இரண்டு ஆல்டோ, அதற்குக் கீழே இரண்டு டெனர், அடிக்குரலுக்கு ஒரு பாரிடோன். அவர்களுக்குப் பின்னால் நான்கு டிராம்போன். அதில் ஒன்று அடித்தொண்டைக்காரரான பாஸ் டிராம்போன். கடைசி வரிசையில், பெரும்பாலும் நின்றபடி, நான்கு டிரம்பெட். இந்த 13 பேரும் மூச்சை வைத்துப் பிழைப்பவர்கள். பக்கத்தில் பியானோ, ஆளுயரத்துக்கு நிற்கும் அடிச்சுரத் தந்திக்கருவியான பாஸ், டிரம்ஸ். இந்த மூவருக்கு ரிதம் செக்ஷன் என்று பெயர். சில குழுக்களில் கிதாரும் சேர்ந்து 17 ஆகும். வான்கார்டில் 16.

இப்படி அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. டிரம்பெட் நேராகப் பாய்கிற சத்தம். முன்னால் வைத்தால் மற்றவர்கள் காணாமல் போவார்கள். இன்னொன்று, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைவர் உண்டு. அவரை 'லீட்' என்பார்கள். அவர் வரிசையின் ஓரத்தில் உட்காருவதில்லை, நடுவாக்கில் உட்காருவார். லீட் டிரம்பெட், அவருக்கு முன்னால் லீட் டிராம்போன், அவருக்கு முன்னால் லீட் ஆல்டோ என்று மூவரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருவார்கள். பின்னால் இருப்பவரின் மூச்சு முன்னால் இருப்பவரின் காதுக்குத் தெரியவேண்டும்.

லீட் டிரம்பெட் வேலை புதிதாகக் கேட்பவருக்கு எளிதில் பிடிபடாது. அவர் தனியாக வாசிப்பது குறைவு. ஆனால் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே வெட்டுவது, எந்த இடத்தில் லேசாக வழுக்கி இறங்குவது என்று தீர்மானிப்பவர் அவர்தான். தாளில் எல்லாம் எழுதியிருக்கும். எப்படி உச்சரிப்பது என்பது மட்டும் முழுமையாக எழுத்தில் வராது. அவர் உச்சரித்தபடி மற்ற 12 பேரும் உச்சரிப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அவரைவிடத் திறமைசாலியாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவர் பின்னால்தான் போகவேண்டும். அங்கே ஆளுக்கொரு உச்சரிப்பு என்றால் குழு சந்தைக்கடையாகிவிடும்.

இந்த அமைப்பு 1920களில் நியூயார்க்கில் உருவானது. ஃபிளெட்சர் ஹெண்டர்சன் நடத்திய நடன இசைக்குழுவுக்கு டான் ரெட்மன் இசையை எழுதிக் கொடுத்தார். சாக்ஸபோன் போன்ற, நாணல் சீவாளி வைத்த கருவிகளை ஒரு கட்சி, டிரம்பெட், டிராம்போன் என்ற பித்தளைக் கருவிகளை ஒரு கட்சி என்று பிரித்து, இந்தப் பக்கம் ஒரு கேள்வி, அந்தப் பக்கம் ஒரு பதில் என்று எழுதினார். 1924இல் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவிலிருந்து வந்து அந்தக் குழுவில் சுமார் ஒரு வருடம் இருந்தார். அவர் எழுந்து தனியாக வாசிக்கத் தொடங்கியதும் எழுதிய இசையின் நடையே மாற வேண்டியதாயிற்று. அவர் வாசித்ததைப் போல மொத்த வரிசையும் அசைய வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு ஆசை வந்துவிட்டது.

பிக் பேண்டின் சூட்சுமமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் அந்த நிமிடத்தில் கற்பனையாக வாசிக்கிறார். 12 பேர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டுக்குள் நடக்கிறது. மேற்கத்திய சிம்ஃபனியில் எல்லாமே தாளில் இருக்கும். மூன்று பேர் ஜாஸ் குழுவில் தாளே தேவையில்லை. பிக் பேண்ட் மட்டும்தான் இரண்டு குதிரையிலும் காலை வைத்து நிற்கிறது.

தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு பாட்டுக்கான எழுத்து இசையைச் 'சார்ட்' என்பார்கள், எழுதுகிறவர் அரேஞ்சர். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள். தன் கருவிக்கானது மட்டும்தான் அதில் இருக்கும், பக்கத்துக்காரர் வாசிப்பது தெரியாது. எல்லாச் சார்ட்டும் சேர்ந்த கட்டுக்குப் பேர் 'புக்'. குழுவின் சொத்து என்று ஒன்று இருந்தால் அந்தப் புக்தான். தனி வாசிப்பு வரும் இடத்தில் தாளில் சுரங்கள் இருக்காது. வெறும் சாய்கோடுகளும் அவற்றுக்கு மேலே கார்டுகளின், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின், பெயரும்தான் இருக்கும். 'இந்த 32 பாருக்கு இதுதான் நிலம், நீங்கள் விரும்பிய வீட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். பார் என்பது பொதுவாக நான்கு தட்டுள்ள ஒரு தாள அளவு.

கர்நாடக இசை கேட்பவர்கள் இதைக் கல்பனாஸ்வரத்தோடு ஒப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி பொருந்தும். நம் பாடகருக்கு ராகம் மாறாது. ஒரே தோட்டத்துக்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் உலாவலாம். ஜாஸ் வாசிப்பவருக்குக் காலடியில் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பாருக்கோ இரண்டு பாருக்கோ ஒரு முறை கார்டு மாறும், எந்தச் சுரம் இனிக்கும், எது உறுத்தும் என்பதும் கூடவே மாறும். 12 பார் கொண்ட புளூஸ் அல்லது 32 பார் கொண்ட பாட்டு என்று ஒரு சுற்று இருக்கும். ஒரு சுற்றுக்குக் 'கோரஸ்' என்று பெயர். அது முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. சமத்துக்கு வந்து சேர்வதைப் போல அந்தச் சுற்றின் தலைக்கு எல்லோரும் ஒன்றாக வந்து சேரவேண்டும்.

அப்புறம் 'ஸ்விங்', ஜாஸின் சாய்ந்து நடக்கிற தாள நடை. இதைப் பற்றி எழுதியே தீர்ந்துபோனவர்கள் பலர். சின்ன வழி ஒன்று உண்டு. திஸ்ர நடையில் 'தகிட தகிட' என்று சொல்லுங்கள். நடுவில் இருக்கும் 'கி'யை விழுங்கிவிட்டு 'த-ட, த-ட' என்று சொல்லுங்கள். ஒரு நெடில், ஒரு குறில். ஏறத்தாழ அதுதான். ஏறத்தாழ என்றதற்குக் காரணம், பாட்டு வேகமாக ஆக ஆக அந்த நெடில் சுருங்கி இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். மெதுவான பாட்டில் இன்னும் சாய்ந்து உட்காரும். எவ்வளவு சாய்வு என்பது தாளில் இல்லை. 16 பேரும் ஒரே அளவுக்குச் சாய்ந்தால் நம் தலை தானாக ஆடும். நான்கு பேர் கொஞ்சம் நிமிர்ந்து வாசித்தாலும் மேசை நொண்டுவது மாதிரி தெரிந்துவிடும்.

ஒரு சார்ட் பொதுவாக எப்படிப் போகும்? பியானோவோ பாஸோ ஒரு சின்ன முகவுரை. பிறகு எல்லோரும் சேர்ந்து மெட்டைச் சொல்வார்கள், அது 'ஹெட்'. அடுத்து ஒருவர் எழுந்து சோலோ. முதல் கோரஸில் அவருக்கு ரிதம் செக்ஷன் மட்டும் துணை. இரண்டாவது கோரஸில் பின்னாலிருந்து டிராம்போன்கள் மெல்ல ஒரு விரிப்பு விரிக்கும். மூன்றாவதில் டிரம்பெட்டுகள் குறுக்கே வெட்டி வெட்டித் தூண்டும். இது துணைக்கு வருவது போல இருக்கும், ஆனால் பாதி சண்டைக்கு இழுப்பது. நல்ல சோலோக்காரர் அந்த வெட்டைக் கேட்டு அதற்கே பதில் சொல்வார்.

அப்புறம் ஐந்து சாக்ஸபோன்களும் ஒரே ஆளைப் போல ஓடும் 'சோலி' என்ற பகுதி வரலாம். அதைக் கேட்டால் யாரோ கற்பனையாக வாசிக்கிற சோலோ மாதிரியே இருக்கும். ஆனால் ஐந்து குரலிலும் ஒவ்வொரு சுரமும் எழுதிவைத்தது. எழுதிய இசை கற்பனை இசையின் வேஷம் போடும் இடம் அது. கடைசியில் 'ஷவுட் கோரஸ்'. 13 ஊதுகருவிகளும் உச்சத்தில் ஒன்றாகச் சேரும் இடம். இடையிடையே எல்லோரும் சட்டென்று நிற்க, டிரம்ஸ் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பும். அதன்பின் ஹெட் மறுபடி வந்து முடியும். எல்லாச் சார்ட்டும் இதே வரிசையில் போகாது. ஆனால் இது மனதில் இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கிளைச்செய்தி. டிரம்பெட், டிராம்போன் வாயில் மூடி வைத்து 'வா-வா' என்று பேச வைப்பார்கள், கேட்டிருப்பீர்கள். அதற்குப் பயன்படும் ரப்பர்க் கிண்ணம், கழிப்பறை, தொட்டி அடைப்பை எடுக்கும் பிளஞ்சரின் தலைதான். கைப்பிடியைக் கழற்றிவிட்டு அப்படியே வைத்துக்கொள்வார்கள். டியூக் எலிங்டன் குழு 1927 முதல் காட்டன் கிளப்பில் வாசித்தபோது அவர்களுடைய அடையாளமாகவே இருந்த உறுமல் சத்தத்தில் இந்த ஹார்டுவேர் கடைச் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

1930களின் நடுவிலிருந்து பத்து வருடம் பிக் பேண்டுதான் அமெரிக்காவின் வெகுஜன இசை. இளைஞர்கள் ஆடுவதற்கு அதுதான். பென்னி குட்மன் குழு 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் பாலோமர் நடன அரங்கில் பெற்ற வரவேற்பை ஸ்விங் காலத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் வெள்ளையரான அதே குட்மன் வாசித்த பல சார்ட்டுகள் கறுப்பினத்தவரான ஃபிளெட்சர் ஹெண்டர்சன் எழுதியவை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை கோணலாகிவிடும். பேரும் பணமும் எந்தப் பக்கம் அதிகம் போயிற்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சரிந்தது. காரணம் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் வாசிப்பவர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். பெட்ரோலும் டயரும் பங்கீட்டில் போனதால் பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றுவது முடியாமல் போயிற்று. 1942 ஆகஸ்ட் முதல் இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவையே நிறுத்திப் போராடியது. பெரிய கம்பெனிகள் இரண்டு பணிந்துவர 1944 நவம்பர் ஆயிற்று. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அவர்கள் குரல்குழுக்களை வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள், நட்சத்திரமும் ஆனார்கள். 1944இல் ஆட்டமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கான வரி சட்டென்று ஏறியது, அந்த வருடமே 20 சதவீதத்தில் நிலைத்தது. ஆடுகிற அரங்குகள் மூடிக்கொள்ள, உட்கார்ந்து கேட்கும் சிறிய கிளப்புகள் பெருகின. அங்கே நான்கு பேர் போதும். 1946 கடைசியில் உட்டி ஹெர்மன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ் உட்படப் பலர் சில வாரங்களுக்குள் குழுவைக் கலைத்தார்கள். எலிங்டன் மாதிரி சிலர்தான் தாக்குப்பிடித்தார்கள். கவுண்ட் பேசி என்ற பெரிய குழுத்தலைவர்கூட 1950 வாக்கில் பிக் பேண்டைக் கலைத்து, 1952இல்தான் மறுபடி சேர்த்தார்.

அந்தப் பேசி குழுவில் 1954 முதல் 1963 வரை டிரம்பெட் வாசித்தவர் தாட் ஜோன்ஸ். மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் ஊர்க்காரர். பியானோ கலைஞர் ஹாங்க் ஜோன்ஸ் அவருக்கு அண்ணன். டிரம்ஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸ் தம்பி. வீட்டிலேயே ஒரு குழு. 1965 வாக்கில் கவுண்ட் பேசி ஓர் இசைத்தட்டுக்காகத் தாட் ஜோன்ஸை எழுதச் சொன்னார். எழுதி வந்ததைப் பார்த்துவிட்டு, இது நம் குழுவுக்குச் சரிப்படாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேசியின் இசை காற்றோட்டமான வீடு. எளிய சொல், நிறைய இடைவெளி. தாட் எழுதியதில் அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். கைநிறையச் சார்ட், வாசிக்க ஆள் இல்லை. இன்றைய வான்கார்ட் குழுவின் வேர் இந்தத் திருப்பி அனுப்பிய கட்டுதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

மெல் லூயிஸ் என்ற டிரம்ஸ்காரர் கூட்டுச் சேர்ந்தார். பஃபலோ நகரத்து யூதக் குடும்பம்; இயற்பெயர் மெல்வின் சோகலாஃப். கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் சேர்ந்து தலைமை தாங்க, இரண்டு இனத்தவரும் கலந்து உட்கார்ந்த குழு. 1966இன் அமெரிக்காவில் இதை நினைத்துப் பாருங்கள்.

ஆட்களை எங்கிருந்து பிடித்தார்கள்? இங்கேதான் நகரம் உள்ளே வருகிறது. அன்றைய நியூயார்க்கில் தொலைக்காட்சி நிலையங்கள், விளம்பர இசை, இசைத்தட்டு ஸ்டுடியோக்கள், பிராட்வே நாடகங்கள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு வாசிக்க, எந்தத் தாளை நீட்டினாலும் முதல் பார்வையிலேயே பிழையில்லாமல் வாசிக்கிற நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். லீட் டிரம்பெட் ஸ்னூக்கி யங் அப்படித்தான் என்பிசி தொலைக்காட்சியில் வேலையில் இருந்தார். பகலில் பற்பசை விளம்பரத்துக்கு ஊதிச் சம்பாதித்துவிட்டு, ராத்திரி தனக்குப் பிடித்ததை ஒரு தடவையாவது வாசிக்கவேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது. அந்தத் தவிப்புதான் முதலீடு. 1965 கடைசியில், ஸ்டுடியோ காலியாக இருக்கும் நள்ளிரவில் ஒத்திகை பார்த்தார்கள்.

திங்கட்கிழமையைப் பிடித்ததற்கும் நகரத்துக் காரணம்தான். பிராட்வேயில் திங்கள் பெரும்பாலும் விடுமுறை. கிளப்புகளுக்கும் கூட்டம் வராத நாள். வாசிக்கிறவர்களுக்கு நேரம் இருந்தது, மேடையும் காலியாக இருந்தது. மாக்ஸ் கார்டன் அந்தப் பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமைகளுக்கு மட்டும் பார்க்கலாம் என்றார். முதல் நாளே கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. பிப்ரவரி மாதம் இன்னும் முடியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும்.

தாட் ஜோன்ஸ் கண்டக்டராக நின்ற விதமும் இந்தக் குழுவைத் தனியாக்கியது. தாளில் வரிசையாக எழுதியிருப்பதை அந்த ராத்திரியின் மனநிலைக்கு ஏற்பக் கையாலேயே வெட்டி ஒட்டுவார். ஒரு சோலோ சூடு பிடித்தால் பின்னணியை நிறுத்திவைத்து நீட்டிக்கொண்டே போவார். ரிதம் செக்ஷனையே நிறுத்திவிட்டு ஆளைத் தனியாக அம்போ என்று விடுவார். கையை ஒரு வெட்டு வெட்டினால் 13 பேரும் உள்ளே வந்து விழவேண்டும். மெல் லூயிஸ் வழி வேறு. பெரிய குழுவுக்குப் பெரிய சத்தம் என்று மற்றவர்கள் அடித்த காலத்தில், நான்கு பேருடன் வாசிப்பவர் போல அடக்கமாக, காது கொடுத்து வாசித்தார். இஸ்தான்புல்லில் செய்த, கறுத்துத் தடித்த ஒலியுள்ள பழைய சிம்பல்கள்தான் அவருக்குப் பிடிக்கும். டிரம்ஸ் கத்தாவிட்டால் மற்ற 15 பேரும் ஒருவரையொருவர் கேட்க முடியும். இந்தப் பாணியைக் கேட்டுப் பழகிவிட்டால் இடித்து முழக்கும் டிரம்ஸை அப்புறம் பொறுத்துக்கொள்வது கஷ்டம்.

1972இல் சோவியத் யூனியன் வரை போய் வாசித்துவிட்டு வந்தார்கள். 1979 தொடக்கத்தில் தாட் ஜோன்ஸ் திடீரென்று கோபன்ஹேகனுக்குக் குடிபோனார், டேனிஷ் ரேடியோ பிக் பேண்டை நடத்த. அந்த ஊரின் தென்பகுதியில் இன்று ஒரு தெருவுக்கே அவர் பெயர் இருக்கிறது. வான்கார்டில் மெல் லூயிஸ் தனியாக நடத்தினார்; பாப் புரூக்மேயர் புதிதாக எழுதித் தந்தார். தாட் 1986இல் இறந்தார், மெல் 1990 பிப்ரவரியில். குழுவின் பழைய பெயரில் இருந்த தாட், மெல் இரண்டு பேரும் இல்லை. அப்போதுதான் வாசிப்பவர்கள் அறையின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இலாப நோக்கில்லாத ஓர் அமைப்பாகவும் பதிந்துகொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'சிக்ஸ்டீன் அஸ் ஒன் மியூசிக்'. பதினாறும் ஒன்றாக. அந்த அறையிலேயே பதிவு செய்த இசைத்தட்டுக்கு 2009இல் கிராமி விருது வந்தது. பெருந்தொற்று 2020 மார்ச்சிலிருந்து 2021 செப்டம்பர் வரை கதவைச் சாத்திவைத்தது. திறந்ததும் திங்கட்கிழமைக்கு வந்துவிட்டார்கள்.

இனி, கட்டுபடியாகும் கதை. நேராகச் சொன்னால், கட்டுபடியாவதில்லை. 123 நாற்காலியின் கட்டணத்தைக் கிளப்பும் 16 பேரும் பங்கிட்டால் யாரும் அதை வைத்து நியூயார்க்கில் வாடகை கொடுக்க முடியாது. இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். ஆனால் இந்தக் குழு மட்டுமே இவர்களுடைய தொழிலில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவர், பிராட்வேயில் வாசிப்பவர், சொந்தக் குழுவோடு ஊர் சுற்றுபவர் என்று வாரத்தின் மீதி நாட்களில் ஆளுக்கொரு பிழைப்பு. லீட் ஆல்டோ டிக் ஓட்ஸ் 1977இல் உள்ளே வந்து பல பத்தாண்டுகள் இருந்தார். சம்பளத்துக்காக அப்படி இருக்க முடியாது.

ஒருவருக்கு அந்தத் திங்கட்கிழமை வேறு நல்ல வேலை வந்துவிட்டால்? மாற்றாளை அனுப்புவார். 'சப்' என்பார்கள். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் ஓர் ஆளுக்கு இன்னோர் ஆளை அனுப்பி வைப்பது போலத்தான், ஆனால் இங்கே தவறு செய்ய இடமில்லை. பழைய கையெழுத்தில், பழைய ஆட்களின் பென்சில் குறிப்புகளோடு இருக்கும் தாளை ஒத்திகையின்றி வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை நூறு தடவை வாசித்தவர்கள். சின்ன ஊரில் இப்படி ஒரு குழு நிலைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். 16 பேர் கிடைப்பார்கள். அந்த 16 பேருக்கும் மாற்றாக இன்னும் ஐம்பது பேர் அதே ஊரில் கிடைக்க வேண்டுமே.

வேறு வழியே இல்லையா என்றால், ஜெர்மனியின் கொலோன் நகரத்தைப் பாருங்கள். அங்கே டபிள்யூடிஆர் பிக் பேண்ட் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் சொந்தக் குழு. வாசிப்பவர்களுக்கு மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் ஒலிபரப்புக் கட்டணம் கட்டுகிறது. 2021இல் அது மாதம் 18.36 யூரோ ஆயிற்று. அந்தப் பணத்தில் ஒரு துளி இந்த டிரம்பெட்டுகளுக்குப் போகிறது. ஹாம்பர்க்கிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இதே மாதிரிக் குழுக்கள் உண்டு. ஜாஸ் பிறந்த நாட்டில் பிக் பேண்ட் காரர் பகலில் வேறு வேலை தேடுகிறார், ஜெர்மனியில் அரசு ஊழியர் போல நிம்மதியாக வாசிக்கிறார். வேடிக்கைதான். நியூயார்க் குழுவின் பியானோ கலைஞராகவும் அரேஞ்சராகவும் இருந்த ஜிம் மெக்நீலியே ஃபிராங்க்ஃபர்ட் குழுவுக்கு 2011 முதல் பல வருடம் தலைமைக் கண்டக்டராக இருந்தார்.

எது மேல்? கொலோன் குழு அடிக்கடி புதுப்புது நிகழ்ச்சிகளைத் தயாரிக்கிறது, புதிய விருந்தாளிகளை அழைக்கிறது. ஒத்திகைக்கு நேரம் இருக்கிறது. எனக்கு என்னவோ, ஒரே அறையில் ஒரே புக்கை அறுபது வருடமாகப் புரட்டுகிறவர்கள் பக்கம்தான் மனசு சாய்கிறது. அதில் நியாயத்தைவிட ஆசை அதிகம் என்பது தெரியும்.

கேட்கத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். வான்கார்டில் பதிவான நேரடிக் கச்சேரி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே பாட்டை நான்கு தடவை கேளுங்கள். முதல் தடவை எதையும் தேடாதீர்கள். இரண்டாவது தடவை பாஸை மட்டும் பின்தொடருங்கள். பாருக்கு நான்கு அடி வைத்து நடக்கும், சுற்று எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது தடவை சோலோக்காரரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று கவனியுங்கள். நான்காவது தடவை இயர்போன் போட்டுக்கொண்டு அடியில் பாஸ் டிராம்போனையும் பாரிடோன் சாக்ஸபோனையும் தேடுங்கள். முதலில் கிடைக்காது. பெரிய கார்டு ஒன்று நின்று ஒலிக்கும்போது, தரை லேசாக அதிர்வது போல ஒன்று கேட்கும் பாருங்கள், அவர்கள்தான்.